இரண்டு தடவை அழுத்தியவர்

கெரிஞ்சி ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டடம்,
பதினேழாம் மாடி.
பணம் கட்டுவது என் வேலை.
காலையிலிருந்து நாற்பத்தோரு முறை கட்டிவிட்டேன்,
யாருக்கும் ஒரு காசு குறையவில்லை.

சேண்ட்பாக்ஸ் என்பார்கள் இந்த இடத்தை.
மணலில் சிறுசோறு ஆக்கும் பிள்ளைகளுக்கும் எனக்கும்
ஒரே தொழில்,
எனக்குச் சம்பளம் வருகிறது.

இங்கே வங்கிகள் சொன்னபடி கேட்கும்.
பத்து வெள்ளி ஐந்து காசு என்று எழுதினால்
இருப்பு இல்லையென்று கை விரிக்கும்.
பத்து வெள்ளி ஏழு காசுக்கு, அட்டை தொலைந்தது.
பத்து வெள்ளி ஒன்பது காசுக்கு
ஒன்றுமே சொல்லாது.
முப்பது விநாடி வாய்மூடி இருந்துவிட்டு
இணைப்பை அறுத்துக்கொண்டு போய்விடும்.
'இல்லை'யைத் தாங்கும் செயலிகள் நிறைய பார்த்திருக்கிறேன்.
மௌனத்தில்தான் உளறுகின்றன.

வாடிக்கையாளர் பெயர் கேட்கும் கட்டத்தில்
அஃபிஃபா 'டெஸ்ட் டெஸ்ட்' என்று போட்டுவிட்டுத் தேநீருக்குப் போவாள்.
நான் ஆளையே உண்டாக்குவேன்:
மரகதவல்லி த/பெ சின்னையா.
2039 வரை செல்லும் அட்டை,
பின்பக்க எண் ஒன்று இரண்டு மூன்று.
ஒரே நாளில் எட்டுக் குளிர்பதனப் பெட்டி வாங்கி
ஏழைத் திருப்பிக் கொடுப்பாள்.
முகம் சுளித்ததில்லை.

புதன் மதியம் உதவிப் பிரிவிலிருந்து ஒரு புகார்.
செந்தூல், வீரபத்திரன் த/பெ காத்தான்.
வேன் காப்புறுதி, 638 வெள்ளி 20 காசு,
அதே நிமிடத்தில் இன்னொரு 638 வெள்ளி 20 காசு.
ஒலிப்பதிவில் அவர் குரல்:
"சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சும்மா.
நான் என்ன செய்ய, இன்னொரு தடவ தட்டினேன்."
உதவிப் பிரிவு அதை மலாயில் சுருக்கியிருந்தது:
பயனர் இருமுறை அழுத்தினார்.
குற்றப்பத்திரிகையின் முதல் வரி போல.

அந்தச் சக்கரம் நாங்கள் வரைந்தது.
அதன் பச்சைக்கு மட்டும் சியாவ் லிங் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள்.

பதிவேட்டிலிருந்து அவர் கோரிக்கையை எடுத்து
பெயரை அழித்து மரகதவல்லியை உட்கார வைத்தேன்.
இடப்பலகையில் போகும் சொற்கள்,
வலப்பலகையில் வரவேண்டிய சொற்கள்.
தொகை: 10.09.
அனுப்பு.

வலப்பக்கம் வெள்ளையாகவே இருந்தது.
பத்து விநாடி. பதினைந்து.
எல்லாம் தெரிந்த எனக்கே
பத்தொன்பதில் விரல் தானாகப் போய்த் தட்டியது.

இரண்டு ரசீது.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு சாவி உண்டு.
அதே சாவியோடு மறுபடி வந்தால்
'நீ முன்பே வந்தவன்' என்று கதவு அடையாளம் காணும்.
எங்கள் பொத்தானோ
தட்டுக்கொரு புதுச்சாவி செய்துகொண்டிருந்தது,
பதினோரு மாதமாக.

ஒரு வரியை மூன்று வரி மேலே நகர்த்தினேன்.
அவ்வளவுதான்.
ஆறரை மணிக்கு நூறு தடவை தட்டிப் பார்த்தோம்,
மரகதவல்லிக்கு ஒரே ரசீது.
அஃபிஃபா கேக் வாங்கி வந்தாள்.

நிஜப் பணம் வேறு சாலையில் திரும்பும்.
ஐந்து முதல் ஏழு வேலை நாள்.
அவரை நானே கூப்பிட்டுச் சொன்னேன், அது என் வேலையில் சேராது.
"வெள்ளிக்குள்ள அந்த வெள்ளி வந்துருமா?
சனிக்கிழமை வேன் தவணை."
வேலை நாள் கணக்கு, ஐயா, என்றேன்.
"ஞாயித்துக்கிழமையும் நான் வேலைக்குத்தான் போறேன்,"
என்றார். கோபம் இல்லை,
தகவல் சொல்வது போல.

இரவு பத்தரை, மாமாக் கடை.
மீ கோரேங், தே ஓ, எட்டு வெள்ளி அறுபது காசு.
கட்டத்தை ஸ்கேன் செய்தேன்.
சக்கரம். வேறு யாரோ வரைந்தது, நீலம்.
பின்னால் நான்கு பேர்.
இருபது, இருபத்தொன்று என்று எண்ணிக்கொண்டே
பையைத் துழாவி பத்து வெள்ளித் தாளை நீட்டிவிட்டேன்.

அப்போது சிணுங்கியது கைப்பேசி.

கல்லாவில் இருந்த பையன் நிமிரக்கூட இல்லை.
தாளை என் பக்கம் தள்ளிவிட்டு
அடுத்தவருக்குக் கணக்குப் போடத் தொடங்கினான்.